கம்பியில் உட்காரும் மஞ்சள் குருவி

மார்ச் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். கடல்காற்று மதியத்துக்கு மேல்தான். மாத்திரை போட்டாச்சு. மூத்திரம் ஆரஞ்சு. மருந்தின் வேலை. முதல் மாதம் இதைப் பார்த்து ரத்தம் என்று அலறி ஸ்டெல்லாவை எழுப்பினேன்.

டி.பி. என்று சொல்லி ஐந்து மாதம். மாத்திரை இன்னும் ஒரு மாதம். பேர் ஆரோக்கியம், வியாதி டி.பி. என்று ஹார்பர் யார்டில் சிரித்தவன் எல்லாரும் நல்லா இருக்கட்டும். ஈஸ்டர் முடிந்து கம்பெனி மெடிக்கல். பாஸானால் மறுபடி கிரேன். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மெடிக்கலில் நெஞ்சைவிடக் கண்தான் முக்கியம். கன்டெய்னர் பெட்டி இறக்கும்போது கீழே என் கூட்டாளி தேவா நின்று டார்ச் காட்டுவான். பச்சை, இறக்கு. சிவப்பு, நில். வாக்கிடாக்கி உண்டு, பாதி நேரம் அதில் கரகரப்பு மட்டும்தான்.

டி.பி. சென்டர் சிஸ்டர் முதல் நாளே சொன்னது: "இந்த மாத்திரையில ஒரு மருந்து சில பேருக்குக் கண்ணைத் தொடும். பார்வை மங்கினாலோ, கலர் மாறித் தெரிஞ்சாலோ அன்னைக்கே வந்து சொல்லணும். நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது." மாதாமாதம் கேட்பாள். மாதாமாதம் நல்லா இருக்கு என்பேன்.

இனிமேல் இந்த டைரியில் பறவை எழுதப் போகிறேன். காரணம் ஸ்டெல்லா. அவள் ஸ்கூல் லேபில் அசிஸ்டென்ட். நான் வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அவளை நோண்டுவதால் ஸ்கூல் லைப்ரரியிலிருந்து பறவைப் புத்தகம் ஒன்று கொண்டுவந்து போட்டாள். "இத வெச்சிகினு மாடிக்குப் போங்க. என்னை வுட்டுடுங்க."

மஞ்சள் பறவை மட்டும் எழுதுவது என்று முடிவு. கிரேன் கேபினிலிருந்து இத்தனை வருஷம் பார்த்தது காக்கா, பருந்து, கொக்கு. மஞ்சள் என்றால் ஹெல்மெட்டும் தரைக் கோடும்தான். "ராயபுரத்துல மஞ்சக் குருவி ஏது?" என்றாள் ஸ்டெல்லா. அதனால்தான்.

1. மாங்குயில். சாயங்காலம், மாதா கோயில் தூங்குமூஞ்சி மரம். பழுத்த மஞ்சள், கண்ணில் மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. புத்தகத்தில் இருக்கிற அதேதான். ஐம்பது வருஷமாக அந்த மரத்தடியில் செருப்பு விட்டிருக்கிறேன், ஒரு நாள் அண்ணாந்து பார்க்கவில்லை.


மார்ச் 5, வியாழன்

எண்ணூர் போனேன். நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், எங்கே என்று சொல்லவில்லை. பஸ் நம்பர் கிட்டே வந்த பிறகுதான் படிக்க முடிந்தது. கண்ணைக் கூசும் வெயில்.

கழிமுகத்தில் தண்ணீர் குறைவு. சேறும் சாம்பலும் கலந்து காலை உள்ளே இழுக்கிறது. பைனாகுலர் எடுத்தேன். கப்பல்காரன் ஒருவன் யார்டில் விட்டுப்போனது, ஒரு கண்ணாடியில் கீறல். எடுத்ததுமே கூட்டம்.

"இன்னா, சர்வேயா? எந்தக் கம்பெனி?" சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அம்மா.

"இல்லம்மா, பறவை பாக்க வந்தேன்."

"பறவையா? தோ கீது பாரு காக்கா. எழுதிக்கோ."

பக்கத்தில் வலை பிரித்தவர்: "இப்டித்தான் சொல்லிகினு வருவானுங்க. அப்பால பார்த்தா பைப் போட்டுட்டு இருப்பானுங்க." புத்தகத்தைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கம்பெனி பேர் எங்கேயும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் திருப்பிக் கொடுத்தார்.

2. மஞ்சள் வாலாட்டி. சேற்றில் நாலைந்து. வாலை ஒரு நொடி சும்மா வைக்கவில்லை. வயிறு முழுக்க மஞ்சள். எங்கேயோ பனி ஊரிலிருந்து வந்து சாம்பல் சேற்றில் நிற்கிறது. ஏன் இங்கே? புத்தகத்தில் பதில் இல்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். "இங்க புழு கீது, வருது. நீ எதுக்கு வந்த?"

வாங்க வேண்டியது: பனங்கற்கண்டு, கொசுவத்தி, எலுமிச்சை.


மார்ச் 6, வெள்ளி

தவக்காலம். கறி கிடையாது. டாக்டர் தினம் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். முட்டை கறியா இல்லையா என்று காலையில் கொஞ்சம் விவாதம். ஸ்டெல்லா ஜெயித்தாள், நான் முட்டை சாப்பிட்டேன்.

எலுமிச்சைக்கும் திட்டு. "பழம் கேட்டா பச்சைக் காயா பொறுக்கினு வந்துகீறீங்க. அமுக்கிக்கூட பாக்கலியா?" கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது.

3. தேன்சிட்டு. எதிர்வீட்டு முருங்கைப் பூவில். முதுகு கறுப்பு மாதிரி, வயிறு மஞ்சள். பெண்ணுக்கும் வயிற்றில் மஞ்சள் உண்டு.

4. பெயர் தெரியவில்லை. மாடிக்கு எதிரே கரண்ட் கம்பியில். சிட்டுக்குருவியைவிட ஒல்லி. வளைந்த மூக்கு. வால் நடுவில் ஊசி மாதிரி ரெண்டு இறகு நீட்டிக்கொண்டு. எகிறிப் போய்ப் பூச்சியைப் பிடிக்கிறது, அதே இடத்தில் வந்து உட்காருகிறது, கம்பியில் அடித்துத் தின்கிறது. உடம்பு முழுக்க மஞ்சள், கொஞ்சம் அழுக்கு மஞ்சள். புத்தகத்தில் கலர்வாரியாகத் தலைப்பு, 'மஞ்சள்' என்ற பக்கங்களில் இல்லவே இல்லை.

எனக்கு ஒரே குஷி. புத்தகத்தில் இல்லாத குருவி ராயபுரத்துக் கம்பியில்!


மார்ச் 8, ஞாயிறு

பூசை. இருமல் வரவில்லை, பிரசங்கம் முழுக்க உட்கார முடிந்தது. ஆண்டவருக்கு நன்றி.

நாலாம் நம்பர் மறுபடி வந்தது. துணி காயப்போட வந்த ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"அது பச்சைங்க."

"மஞ்சள்."

"கிளி மாதிரி பச்சையா கீது. புக்கைக் குடுங்க." வாங்கிப் புரட்டினாள். பச்சைப் பக்கத்தில் அதே ஊசி வால், அதே மூக்கு. பஞ்சுருட்டான். "பாருங்க, பேரே பச்சைப் பஞ்சுருட்டான்."

உருவம் சரி. கலர்தான் இடிக்கிறது. புத்தகத்தில் இருக்கும் படமே எனக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது, அச்சு மங்கிவிட்டது போல. ஸ்டெல்லாவின் மூக்குக்கண்ணாடி வேறு அரசாங்க முகாமில் வாங்கியது. அதில் என்ன சாயமோ.

மாடியிலேயே உட்கார்ந்து யோசித்து ஒரு விஷயம் பிடித்தேன். இது வடசென்னை. இங்கே வெள்ளைக் கொக்கே சாம்பல் கலர். துணி காய்ந்தால் கறுப்புப் பொடி. ஹார்பரில் கந்தகம் குவிந்து கிடந்த காலத்தில் என் சட்டைக் காலரெல்லாம் மஞ்சள். பச்சைக் குருவி மேல் நாள்பட்ட தூசு விழுந்தால் மஞ்சளாகாதா? புத்தகம் எழுதியவர் ஊட்டியிலோ எங்கேயோ குளித்த குருவியைப் பார்த்து எழுதியிருப்பார்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அப்போ மழை பேஞ்சா பச்சையாயிடுமா?" ஆகும் என்றேன். பார்க்கலாம்.


மார்ச் 10, செவ்வாய்

நல்ல செய்தி. மூத்திரம் இன்று சாதாரண மஞ்சள். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது.

5. குக்குறுவான். எங்கேயோ யாரோ தகடு தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று விடாமல் சத்தம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போனால் கேட்குமே, அந்த மாதிரி. மாதா கோயில் மரத்தில் தேடித் தேடிக் கழுத்து வலி. கடைசியில் கிடைத்தது. குண்டு உடம்பு. தொண்டை மஞ்சள், உடம்பும் மஞ்சள். நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு என்கிறது புத்தகம். இதற்குப் பழுப்பு, காய்ந்த ரத்தம் மாதிரி. வயசான குருவியோ? இல்லை, நம் ஊர் தூசு.

மஞ்சள் குருவி இத்தனை இருந்தும் ஊரில் ஒருத்தனும் பார்ப்பதில்லையே என்று ஆச்சரியம்.

சாயங்காலம் தேவா போன். "மாமு, உனக்குப் பதிலா ஒரு பையன வெச்சிகீறானுங்க. பெட்டிய தொப்புனு போடறான். ஒவ்வொரு தபாவும் எனக்கு உயிரு போய் வருது. ஜல்தி வந்துடு." மெடிக்கல் ஈஸ்டருக்கு அடுத்த வாரமாம். பிறகு குரலைத் தணித்து: "கண்ணுக்கு அதே புள்ளி புக்குதான். கலர் புள்ளிக்குள்ள நம்பர் கண்டுபிடிக்கணும்ல, அது. எத்தினியாவது பக்கத்துல என்ன நம்பர், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒனக்கு வோணும்னா வாட்ஸப்ல போடறேன்."

எனக்கு எதுக்குடா, கழுகுக் கண் என்றேன். இருந்தும் அனுப்பிவிட்டான். பார்க்கவில்லை.


மார்ச் 12, வியாழன்

புழுக்கம் தாங்கவில்லை. மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. என் தூசுப் பரீட்சை நடக்கவில்லை.

6. மாம்பழச்சிட்டு. மஞ்சள். சத்தம் மட்டும் ரொம்ப நேரம், விசில் இழுத்து விட்ட மாதிரி. இதில் ஸ்டெல்லாவும் நானும் ஒரே கட்சி.

பேப்பர் படிக்கச் சலிப்பு. எழுத்து பொடிசாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பஞ்சுருட்டான் ரெண்டு வந்தன, பக்கம் பக்கமாக. ரெண்டும் மஞ்சள். ரெண்டுமேவா குளிக்காது?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு டைரியை மூடினேன். பிறகு டீ போட்டேன்.


மார்ச் 13, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி வாக்கில் மாடியில் தொப்பென்று ஒரு புறா. வெள்ளைப் புறா. வாய் திறந்து மூச்சு வாங்கியது. பருந்து துரத்தியிருக்கும். ரெண்டு கையாலும் எடுத்தேன், இறக்கைக்கு அடியில் சாயம். பந்தயப் புறா. எங்கள் பக்கம் பந்தயத்துக்கு விடும் புறாவுக்கு இறக்கை அடியில் சாயம் போடுவார்கள், மேலே பறக்கும்போது யாருடையது என்று தெரிய. வீட்டுக்கு ஒரு கலர். ஒருத்தர் கலரை இன்னொருத்தர் தொடமாட்டார். வழிதவறி வந்த புறாவை அந்தக் கலர்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. தெரிந்தே வேறு கூண்டில் விட்டால் வெட்டுக்குத்து வரைக்கும் போகும்.

மஞ்சள் என்றால் தனபால். ரெண்டு தெரு தள்ளி. தண்ணீர் காட்டி, துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். மனசில் ஒரு சிரிப்பு வேறு: இதையும் மஞ்சள் பறவை ஏழு என்று எழுதலாமா?

தனபால் மொட்டைமாடியில் ஆட்களோடு நின்றார். துண்டைப் பிரித்தேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இன்னா நைனா, காமெடி பண்றியா?"

"உன் புறா தனபாலு. எங்க மாடில வுழுந்துச்சு."

"என் புறாவா? சலீம் பாய் புறாவ எடுத்துகினு வந்து என் கூண்டுல வுட சொல்றியா? பந்தய டைம்ல யாராவது பார்த்தா என்னத்தான் திருடன்னு சொல்லுவானுங்க. யாரு அனுப்பிச்சா உன்ன?"

"மஞ்சள் உன் கலருதானே?"

"மஞ்ச என் கலருதான். இது பச்ச."

இறக்கையை விரித்துக் காட்டினேன். மஞ்சள். சத்தியமாக மஞ்சள். அவர் உள்ளே போய்த் தன் புறா ஒன்றைப் பிடித்து வந்து அதன் இறக்கையையும் விரித்து, பக்கத்தில் வைத்தார். "என்னுது மஞ்சாத்தூள்ல போட்டது. பாயோடது கிளிப்பச்ச. ரெண்டும் ஒண்ணாவா கீது?"

எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒன்று கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தனபால் என் முகத்தைப் பார்த்தார், கோபம் போய்விட்டது. "அண்ணாத்தே, உனுக்கு உடம்புக்கு இன்னா? வா, குந்து." உட்காரவில்லை. அவர் ஆள் ஒருவன்தான் கூட வந்து சலீம் பாய் வீட்டைக் காட்டினான், எனக்குத் தெரியாத வீடா அது. பாய் புறாவை வாங்கி முத்தம் கொடுத்தார். டீ சொன்னார். "எவ்ளோ தூரத்துல பார்த்தாலும் என் பச்சை தெரியும் ஆரோக்கியம். அதுக்குத்தான் அந்தக் கலரே வெச்சேன்."

வீட்டுக்கு வரும் வழியில் கலர் கலராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆட்டோ மஞ்சள். வாழை இலை ஒரு மாதிரி. கீரைக்காரி கூடை ஒரு மாதிரி. தவக்காலத்துக்கு மாதா கோயில் சுரூபத்தின் மேல் போர்த்திய ஊதாத் துணி ஒழுங்காகத் தெரிந்தது. அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

ஸ்டெல்லா நாலரைக்கு வந்தாள். சொன்னேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டை எடுத்தாள். லேபில் ஆசிட் பார்க்கும் காகிதத்தோடு வருமே, சிவப்பிலிருந்து ஊதா வரை கட்டம் கட்டமாக, அது. திங்கட்கிழமையே எடுத்து வைத்திருக்கிறாள். கேட்கத்தான் தைரியம் வரவில்லையாம்.

நம்பரை விரலால் மறைத்துக்கொண்டாள். "இது?" மஞ்சள். "இது?" மஞ்சள். "இது?" மஞ்சள், கொஞ்சம் அழுக்கு.

"ஆரஞ்சு, மஞ்சள், பச்சை," என்றாள். அப்புறம் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போகவில்லை ரெண்டு பேரும்.

எலுமிச்சைக்காரன் ஏமாற்றவில்லை. மூத்திரமும் மாறவில்லை.

இப்போது போனைத் திறந்து தேவா அனுப்பியதைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக நம்பர். மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும். கடைசி மாத மாத்திரையையும் முழுங்கிவிட்டு, சிஸ்டரிடம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, ஈஸ்டருக்கு அப்புறம் கேபினில் ஏறிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆசையாக இருக்கிறது. பொய் சொல்ல வேண்டாம், ரொம்ப ஆசையாக இருக்கிறது.

கீழே நிற்பது தேவா. கையில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.


மார்ச் 14, சனி

சென்டர். மாத்திரையை நானாக நிறுத்தவும் இல்லை, போடவும் இல்லை. கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

சிஸ்டர் கேட்டாள்: "கண்ணு எப்படி?" நல்லா இல்லை என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

புறா விஷயம் சொன்னேன். தூசு விஷயமும். "தூசா? எத்தனை நாளா இப்படித் தெரியுது, ஆரோக்கியம்?" பறவைக் கணக்கைப் பார்த்துச் சொன்னேன். எண்ணூர் போன நாளே பஸ் நம்பர் தெரியவில்லை. "அன்னைக்கே வந்திருக்கணும்," என்று திட்டினாள். திட்டும்போதே எனக்குத் தண்ணீரும் கொடுத்தாள்.

கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். புள்ளிப் புத்தகம். தேவா அனுப்பியதை மறக்க முயற்சி செய்துகொண்டு உட்கார்ந்தேன். மறக்க வேண்டிய அவசியமே இல்லை, பாதிப் பக்கத்தில் வெறும் புள்ளிதான், நம்பரே இல்லை.

அந்த ஒரு மருந்தை நிறுத்தியாச்சு. மற்ற ரெண்டும் தனி மாத்திரையாக. பார்வை திரும்புமா என்று கேட்டேன். "பெரும்பாலும் திரும்பும். மாசக் கணக்காகும். முழுசாவான்னு இப்போ சொல்ல முடியாது. இதே மாத்திரையை இன்னும் ஒரு மாசம் போட்டிருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்ல."

ஈஸ்டருக்கு அப்புறம் கிரேன் இல்லை. எப்போது என்று தெரியாது. அல்லது இல்லவே இல்லை.

வெளியே வந்து ஸ்டெல்லா ரெண்டு ரோஸ்மில்க் வாங்கினாள். என்ன கலர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.


மார்ச் 15, ஞாயிறு

பூசை முடிந்து தேவா வீட்டுக்கு வந்தான். வறுத்த மீன், ரசம். சொன்னேன் எல்லாவற்றையும்.

"அதான் நம்பர் அனுப்பிச்சேன்ல மாமு. அத படிச்சிருந்தா பேஜாரே இல்ல."

"கீழ யாருடா நிப்பா?"

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம். முள் எல்லாம் எடுத்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் நிப்பேன்," என்றான்.

சாப்பிட்டு மாடிக்கு வந்தான். பைனாகுலரைக் கொடுத்தேன். கம்பியில் பஞ்சுருட்டான். ரொம்ப நேரம் பார்த்தான். "சோக்கா கீது மாமு. இத்தினி வருசம் இங்கதான் குந்திகினு இருந்துச்சா?" போகும்போது படியில் நின்று, "அந்த நம்பர் மெசேஜ டெலீட் பண்ணிடு, நானும் பண்ணிட்டேன்," என்றான்.


மார்ச் 18, புதன்

விடியற்காலை நல்ல மழை. மார்ச்சில் அதிசயம். முற்றம் முழுக்க கறுப்புத் தண்ணீர். தெரு, கம்பி, முருங்கை எல்லாம் கழுவி விட்ட மாதிரி.

பழைய பக்கங்களை வெட்டவில்லை. நாலாம், அஞ்சாம் நம்பருக்குப் பக்கத்தில் 'ஸ்டெல்லா: பச்சை' என்று மட்டும் எழுதினேன். என்னைத் தவிர யாரும் பார்க்காத மஞ்சள் பறவைகள், ராயபுரம். அதுவும் ஒரு கணக்குதானே. தினமும் பார்த்து எழுதுவது, என்றைக்கு மாறுகிறது என்று பார்ப்பது. டாக்டரிடமும் காட்டலாம்.

எட்டு மணிக்கு அது வந்தது. நனைந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, அதே கம்பி. குளித்த குருவி.

ஸ்டெல்லா கொடியில் துணி போட்டுக்கொண்டே, நான் கேட்காமலே, "பச்சை" என்றாள்.

எனக்கு மஞ்சள்.